கருத்துக்கேட்புக் கூட்டம்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் விமர்சனம்

நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவு வேண்டாம். வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவேடு. பெயர், ஊர், கையெழுத்து போட்டுவிட்டு உள்ளே போய் உட்காரலாம். மோர் பாக்கெட் கொடுப்பார்கள். ஆலைக்காரர் தாராளமானவர் என்றால் சாப்பாட்டுப் பொட்டலமும் வரும். ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆலையோ துறைமுகமோ குவாரியோ அனல்மின் நிலையமோ வருவதற்கு முன்னால், அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் நம் உடம்புக்கும் என்ன வரும் என்று நமக்குச் சொல்லி, நாம் என்ன நினைக்கிறோம் என்றும் கேட்பதற்காக நடத்தும் கூட்டம் இது. ஏற்பாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை மாவட்ட ஆட்சியர், அல்லது அவருக்குப் பதிலாக மாவட்ட வருவாய் அலுவலர். பிரியாணிக்கும் மிக்சிக்கும் நட்சத்திரம் போடுகிறோம். இந்தச் சேவைக்கு யாரும் போட்டதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இதில் வியாபாரம் உண்டு. கடலோரத்தில், தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் ஒன்றில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கூட்டம் அறிவித்தால் மனு அடிக்க, அறிக்கையில் பக்கங்கள் நகல் எடுக்க ஆள் வருவார்கள். ஆதரிப்பவரும் வருவார், எதிர்ப்பவரும் வருவார். இருவருக்கும் அதே ரேட்டுதான். இனி நான் சொல்லும் சம்பவங்களில் எந்த ஆலை, எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பல வருடங்களில், பல பந்தல்களில் பார்த்தவை.

அறிவிப்பிலிருந்து தொடங்கலாம். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கைதான் இன்றைக்கும் அடிப்படை. (கருத்துக்கேட்பு என்ற ஏற்பாடே 1997 ஏப்ரலில்தான் வந்தது, அதற்கு முன் சிம்னி எழும்பிய பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரியும்.) குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். தருகிறார்கள். டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவில், எழுத்தளவு பார்த்தே பிழைக்கிற நானே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கிற அளவில். பத்திரிகை போய்ச் சேராத இடங்களில் பறையடித்தோ, வானொலி, தொலைக்காட்சி வழியாகவோ சொல்ல வேண்டும் என்றும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி கட்டிய வண்டியைப் பயன்படுத்துங்கள் என்று 2022ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல முடிவு. ஆனால் அந்த வண்டி எங்கள் தெருவுக்குத் தேர்தலுக்கு வருகிறது, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக்கு வருகிறது. இதற்கு வந்து நான் பார்த்ததில்லை. யாராவது அந்தப் பத்திரிகை விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், நான் அதைப் பெரிதாக்கி ஏ3 தாளில் அடித்து மீன் ஏலக் கூடத்தில் ஒட்டுவேன். அறிவிப்புக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் 30 நாள் என்ற விதிக்காக. அந்த அறிவிக்கையை மாற்ற 2020 மார்ச்சில் வந்த வரைவில் அதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள். அந்த வரைவையே இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போட்டிருந்தார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று சொல்ல வேண்டியிருந்தது.

தேதி குறித்தால் அன்றைக்கே நடக்கும் என்றும் நம்ப முடியாது. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று அறிவித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. மீன்பிடிக்கிறவருக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருப்பது சும்மா இல்லை. தள்ளிவைத்த செய்தியாவது ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டினால் புண்ணியம்.

அப்புறம் அறிக்கை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று பெயர், தலையணை கனத்தில் இருக்கும், ஆங்கிலத்தில். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் என்று சில இடங்களில் பிரதி வைத்திருக்க வேண்டும். போய்க் கேட்டால் கிடைக்கும், பீரோ சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பில் இல்லாவிட்டால். "இங்கயே உட்கார்ந்து பாருங்க சார், வெளிய கொடுக்க முடியாது." போட்டோ எடுக்கலாமா என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வாரியத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் கிடைக்கும், அதை இறக்கி வைத்திருப்பதால்தான் என் கடை ஓடுகிறது.

ஊர்க்காரர்கள் உண்மையில் படிப்பது தமிழ்ச் சுருக்கத்தை. அதில் எங்கு பார்த்தாலும் ஒரே வாக்கியம்: அனைத்தும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன. எந்த அளவு, யார் அனுமதித்தது என்று பெரும்பாலும் இருக்காது. நுண்துகள் பிஎம் 2.5 என்றால் இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், 2009ல் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எங்கள் நாட்டு வரம்பு இது, அவர்கள் சொல்வது இது, இன்றைக்கு உங்கள் ஊர்க் காற்று இங்கே நிற்கிறது, ஆலை வந்தால் இத்தனை கூடும் என்று நான்கு வரி எழுதினால் பத்தாவது படித்த பையன் தன் பாட்டிக்குப் படித்துச் சொல்லிவிடுவான். அப்படி எழுதிய சுருக்கம் ஒன்றுகூட என் ஸ்கேனர் வழியாகப் போகவில்லை. 60 என்று மட்டும் தெரிந்தவர் வந்து, 15 என்று பிறகு யாரோ சொல்லக் கேட்டால் என்ன நினைப்பார்? மறைத்துவிட்டார்கள் என்றுதான். அறிக்கை எழுதியவர் ஒன்றையும் மறைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், சொல்லாமல் விட்டதற்கும் அதே பெயர்தான் கிடைக்கும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். சேவையின் சிறந்த பகுதி இதுதான்.

கல்யாண மண்டபம் அல்லது திடலில் போட்ட பந்தல். மேடையில் அதிகாரிகள், பக்கத்தில் பெரிய எல்இடி திரை. முன்வரிசைகளில் காலை எட்டு மணிக்கே வேனில் வந்து இறங்கியவர்கள், பலர் ஒரே நிறத் துண்டு. பின்னால் ஊர் ஜனம். ஓரங்களில் போலீஸ், சில கூட்டங்களில் ஜனத்துக்குச் சமமாக. முதலில் நிறுவனத்தின் சார்பில் ஒருவர் திட்டத்தை விளக்குவார். திரையில் பச்சை மரங்கள், சிரிக்கும் குழந்தைகள், ஒரு டால்பின். எங்கள் கடலில் டால்பினைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கரியிறங்கு தளத்துக்குப் பக்கத்தில் அது துள்ளுவதை வீடியோவில்தான் பார்த்தோம்.

இதன்பின் மைக் நம்மிடம் வரும். விதிப்படி வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு உண்டு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. முழுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். இதெல்லாம் தெரியாமல் பலர் பின்னாலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒரு கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய மீனவர் ஒருவர் எழுந்தார். அவர் கையில் நான் எடுத்துக்கொடுத்த ஒரே ஒரு பக்கம்: காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வீசுகிறது என்று பூப்போல வரைந்திருப்பார்களே, அந்தப் படம்.

"தம்பி, இது எந்த மாசத்துக் காத்து?"

ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். "மார்ச்லருந்து மே வரைக்கும் ஐயா. மூணு மாசம் தொடர்ந்து அளந்தது."

"அந்த மாசத்துல காத்து தெக்கேருந்து வரும். உங்க புகை வடக்கே போயிடும். எங்க ஊரு உங்க சிம்னிக்குத் தென்மேற்கே இருக்கு. ஐப்பசி, கார்த்திகைல வாடை அடிச்சா எங்க போவும்?"

"எல்லாத் திசையையும் மாடல்ல எடுத்திருக்கோம் ஐயா."

"எந்தப் பக்கத்துல?"

இளைஞர் புரட்டினார். பந்தலில் சத்தமே இல்லை. இப்படி மழைக்காலத்தை விட்டுவிட்டு ஒரு பருவத்தில் மூன்று மாதம் அளப்பது இந்த அறிக்கைகளில் வழக்கமான முறைதான், யாரும் ஏமாற்றவில்லை. நம் கடற்கரையில் அப்படி விட்டுப்போகும் மழைக்காலம்தான் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசும் காலம். வாழ்நாள் முழுக்க அந்தக் காற்றைப் பார்த்துப் படகை விட்டவருக்கு அது ஒரு நொடியில் தெரிகிறது. கம்ப்யூட்டரில் அதைச் சேர்த்துக் கணக்குப் போடுவது பெரிய விஷயமும் இல்லை. அளக்கப் போவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பொதுவாக இந்த இடத்தில் "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, அடுத்தவர்" என்று மைக் நகரும். அன்றைக்குத் தலைமை வகித்த அதிகாரி நகர விடவில்லை. "பக்க எண்ணைச் சொல்லுங்க. இல்லன்னா, அறிக்கையில இல்லைன்னு சொல்லுங்க, அதையே எழுதிக்கறோம்" என்றார். இளைஞர் நிமிர்ந்து, "தனியா இல்லைங்க மேடம்" என்றார். கைதட்டல், வேனில் வந்தவர்களிடமிருந்தும். அந்த இளைஞர் மேல் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது. அடுத்த அரை மணி நேரம் அவர் சொன்னதை ஊர் கவனமாகக் கேட்டது, தண்ணீர் எங்கிருந்து எடுப்போம், சுடுநீரை எங்கே விடுவோம் என்பதெல்லாம். அதுவரை அவர் பேசியபோது யாரும் கேட்கவில்லை. இல்லை என்று ஒரு தடவை ஒப்புக்கொண்ட வாய் உண்டு என்று சொன்னால் நம்பத் தோன்றுகிறது.

அதே கூட்டத்தில் கருவாடு போடும் அக்கா ஒருவர் நில வரைபடத்தைக் காட்டி, தாங்கள் கருவாடு காயப்போடும் மணல்மேடு ஏன் தரிசு என்று இருக்கிறது என்று கேட்டார். செயற்கைக்கோள் படத்தில் அப்படித்தான் தெரியும் என்று பதில் வந்தது. "மேல இருந்து பார்த்தா நாங்களும் தெரிய மாட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்க வந்த கேள்வி அதுவல்ல. நிலக்கரித் தூசி கருவாட்டில் படிந்தால் சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்று கேட்கத்தான் என் கடையில் மனு அடித்திருந்தார். கேட்காமலேயே போனார்.

ஆதரித்துப் பேசுபவர்களை நான் கிண்டல் செய்யத் தயாரில்லை. ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பையன் வேலை கேட்பதும் கருத்துதான். ஒரு பையன் இரண்டு கேள்வி கேட்டான்: எங்களுக்கு நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா, கான்ட்ராக்ட் ஆளுக்கு முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் யார் தருவது. வேலைக்கு மட்டும் பதில் கிடைத்தது.

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் எல்லாக் கூட்டத்திலும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ராத்திரி ஏதாவது நடந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்களை எழுப்பியது சைரன் இல்லை, அவரவர் மூக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ரோட்டுக்கு வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆலை வாசலில் காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியா, வரம்பு 400 என்று பிறகு வாரியம் சொன்னது.

இந்தக் கேள்விக்கு மேடையிலிருந்து நான் அதிகம் கேட்ட பதில்: "அப்படி நடக்க வாய்ப்பே இல்லை." இதைவிட மோசமான பதில் கிடையாது. அம்மோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது, இந்தக் கடமை அதிலும் இருக்கிறது. அபாயகரமான ஆலைகள் சுற்றுப்புற மக்களுக்கு ஆபத்து என்ன, செய்ய வேண்டியது என்ன என்று தெரிவிக்க வேண்டும். 1989ன் அபாயகர ரசாயன விதிகளும் அதையே சொல்கின்றன, ஆலைக்கு வெளியே ஆட்சியர் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. அதனால் "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் மனுவில் எழுத வேண்டாம் என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். பயத்துக்கு ஆறுதல்தான் பதிலாக வரும். இந்தச் சட்டப்படி எங்கள் தெருவுக்கு எப்போது, எந்த மொழியில் தெரிவித்தீர்கள் என்று எழுதினால் தேதி சொல்ல வேண்டியிருக்கும், அல்லது சொல்ல முடியவில்லை என்பது பதிவாகும்.

பேச விடுவதற்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கடைசி வரிசையில் இருக்கும் பெண்களிடம் மைக் போய்ச் சேருவதற்குள் மதியம் இரண்டாகிவிடுவதால் ஒன்று குறைவு.

கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை எல்லோர் முன்னும் தமிழில் விளக்கி வாசிக்க வேண்டும், ஒப்புக்கொண்ட குறிப்பில் தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும். இதுதான் மொத்தச் சேவையின் உயிர், பார்க்க ஆள் இருக்காது. சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும், வேன்கள் கிளம்பிவிடும், மீன் வண்டி வரும் நேரம். மீதியிருக்கும் கொஞ்சப் பேரிடம் விறுவிறுவென்று படிப்பார்கள். வாடைக் காற்றுப் பெரியவரின் கேள்வி அங்கே "காற்று மாசு குறித்து ஒருவர் கேட்டார், விளக்கம் அளிக்கப்பட்டது" என்று இருந்தது. நாலைந்து பேர் மேசைக்குப் போய், பக்க எண் கேட்டதையும் இல்லை என்று சொன்னதையும் சேர்க்கச் சொன்னோம். அதிகாரி சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். நாங்களும் கிளம்பிப் போயிருந்தால் அந்த மத்தியானம் நடந்ததற்குச் சாட்சி வீடியோ மட்டும்தான், அதை யார் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

பலருக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. கூட்டத்தில் எல்லோரும் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். இது வாக்கெடுப்பு இல்லை. கேட்டதையும் நிறுவனம் சொன்ன பதிலையும் கட்டாக அனுப்பிவைப்பார்கள். பெரிய திட்டம் என்றால் டெல்லியில் ஒரு நிபுணர் குழு, சிறியது என்றால் சென்னையில் மாநில ஆணையம். அவர்கள் ஆட்சேபங்களை வாங்கி ஓரமாக வைத்துவிட முடியாது, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என 2009ல் கோவாச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காகிதத்தில் கேள்வி தெளிவாக இருந்தால்தான் அந்தத் தீர்ப்பும் உதவும்.

பிறகு கிடைக்கும் சேவைக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். மக்கள் கேட்டவை ஒரு பத்தி, நிறுவனத்தின் பதில் பக்கத்துப் பத்தி என்று ஓர் அட்டவணை இணையதளத்தில் ஏறும். "அனைத்து விதிகளும் பின்பற்றப்படும்" என்ற பதிலை வரிசையாகக் காணலாம், எக்செல்லில் மேலிருந்து கீழே இழுத்துவிட்டதைப் போல. கேள்வி கேட்டவருக்கு ஒரு கடிதம்கூட வராது. அனுமதி கிடைத்த செய்தியும் பத்திரிகையில்தான் தெரியும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போனால், கேட்காமலே இருந்ததைவிடக் கோபம் வருகிறது. அடுத்த கூட்டத்தில் முதல் ஆளே மைக்கைப் பிடுங்குகிறாரே, ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று மேடையில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. அவர் போன தடவை வரிசையில் நின்று மனு கொடுத்தவர்.

கேட்காமலே போனால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி இருக்கிறது. தாமிர ஆலையின் இரண்டாவது பிரிவுக்குக் கூட்டம் தேவையில்லை, தொழிற்பேட்டைக்குள் வருகிறது என்று விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2018 மே 22, 23 தேதிகளில் துப்பாக்கிச்சூடு, 13 உயிர்கள். அந்த மே 23 அன்றே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கத்தை நிறுத்தி, மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றது. எப்போது கேட்டிருக்க வேண்டியது! இத்தனைக்கும் பிறகு 2025 செப்டம்பரில், அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்திய அமைச்சகம் குறிப்பாணை போட்டிருக்கிறது. கடற்கரை மணலில் அணுக் கனிமம் எடுப்பதைப் பார்த்த குமரிக் கடற்கரைக்காரர்களுக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

கடலூர் சிப்காட் ஜனங்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். 2004 வாக்கில் அங்கே கிராமத்தினரே கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்து, நாற்றம் வந்த நேரம், என்ன மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்களில் வாளியை யாரும் அதுவரை அளவுக் கருவியாக நினைக்கவில்லை. "நாற்றமடிக்குது" என்றபோது காதில் போட்டுக்கொள்ளாத அலுவலகங்கள் ரசாயனத்தின் பெயரோடு போன காகிதத்துக்குக் கதவைத் திறந்தன. அளவெடுக்கும் வேலையில் ஊருக்கும் ஒரு பங்கு கொடுத்தால் எண்களைப் பற்றிய சண்டை பாதி குறையும் என்பது என் எண்ணம். மானிட்டரை ஆலையின் கெஸ்ட் ஹவுஸ் மொட்டை மாடியில் வைத்து எடுத்த எண்ணை ஊர் நம்பாது. அதே கருவியைப் பள்ளிக்கூட மாடியில் வைத்து, தினமும் வாத்தியார் கரும்பலகையில் எழுதட்டும், எண் மோசமாக இருந்தாலும் நம்பும்.

மொத்தமாக ஐந்துக்கு இரண்டரை. ஆனாலும் போங்கள். போகிறவர்களுக்குச் சில யோசனைகள். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு குறிப்பில் சுருங்கிப்போகும், எழுதிக் கொடுத்தது அப்படியே இணைப்பாகப் போகும். ஒருவருக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பக்க எண். பத்துக் கேள்வியை ஒருவரே கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. மூன்று நிமிடம் என்று மணி அடிப்பார்கள், கவிதை வேண்டாம். ஆய்வுக்காரரைத் திட்டாதீர்கள், அவரிடமிருந்து "இல்லை" என்ற வார்த்தையைத்தான் வாங்க வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் கொள்கை ஒன்றும் கெடாது, ஆனால் குறிப்பு வாசிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

அனுமதி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் விட்டுவிட வேண்டாம். நிபந்தனைகள் என்று ஒரு பட்டியல் அனுமதிக் கடிதத்தோடு வரும். அவற்றை எப்படி நிறைவேற்றினோம் என்று நிறுவனம் ஒவ்வொரு ஜூன் 1, டிசம்பர் 1 தேதிக்கும் அறிக்கை கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். கேட்டு வாங்கி, உங்கள் ஊர்க் கூட்டத்தின் அட்டவணையில் "பின்பற்றப்படும்" என்று சொன்ன வரியோடு ஒத்துப் பாருங்கள். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பின்பக்கமும் சேர்த்து அடித்தால் மூன்று.